பாப்பாவுக்கு எழிலின்னு பேர் வைக்கலாமா? சொன்னா எலியான்னு கேக்கறாங்க

புது அம்மா (40 நாள்)

எல்லாருக்கும் வணக்கம். பாப்பா பொறந்து இன்னியோட 40 நாள். தலைப்பிரசவம்ங்கறதால திண்டுக்கல் பக்கம் அம்மா வீட்ல இருக்கேன், அடுத்த மாசம் புனே கெளம்பணும், வீட்டுக்காரருக்கு அங்கதான் வேலை. கார்த்திகை நட்சத்திரம், அதனால அ, இ, உ, எ இந்த நாலுல ஒரு எழுத்துல வைங்கன்னு ஜோசியர் எழுதிக் குடுத்துட்டாரு. அ-ல பாத்தா எங்க சொந்தத்துலயே ரெண்டு அக்‌ஷயா ஒரு அனன்யா ஓடிட்டு இருக்கு. எ-வை யாரும் தொடவே இல்ல.

நானும் அவரும் முன்னாடியே எழிலின்னு மனசுல வச்சிருந்தோம். அவரு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின குறள், வான்சிறப்புல வர்றது, "நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்", அதுல மேகம்ங்கற அர்த்தத்துல வர்ற எழிலிதான். பாப்பா பொறந்த ராத்திரி விடிய விடிய மழை வேற, ஆஸ்பத்திரி ஜன்னல்கிட்ட நின்னு அவரு இந்தக் குறளைச் சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. அதனால இந்தப் பேரை விட்டுட மனசே வரல.

ஆனா வீட்ல சொன்ன நாள்லேந்து ஒரே பேச்சு. மாமியார் "எலின்னு கூப்டுவாங்கம்மா, பொம்பளப் புள்ள அழுதுட்டு வரும்"னு சொல்றாங்க, அவங்க சொல்றதுல கோவமில்ல, நெசமாவே கவலைப்படறாங்க. எங்க அப்பா ஆசையா கூப்பிடறாரு ஆனா அவர் வாயில எளிலின்னுதான் வருது. புனேல இவரு ஆபீஸ் க்ரூப்ல பேரை இங்கிலீஷ்ல போட்டாரு, இ இசட் ஹெச் ஐ எல் ஐ-ன்னு, ஒருத்தர் போன் பண்ணி எஜிலி எப்படி இருக்கான்னு கேக்கறாரு, இன்னொருத்தர் ஈஸிலின்னு படிச்சிருக்காரு.

இந்தப் பேரு வேற யாராவது வச்சிருக்கீங்களா, நாட்டுல எத்தன பேருக்கு இருக்குன்னு பாக்க வழி இருக்கா, ஸ்பெல்லிங் என்ன போடறது? பர்த் சர்டிபிகேட்ல இன்னும் பேர் ஏத்தல. எவ்ளோ நாள் டைம் இருக்குன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொண்டல் காற்று

வாழ்த்துகள்மா. 20 வருஷத்துக்கு மேல தமிழ் வகுப்பு எடுக்கறேன், ரெஜிஸ்டர்ல இந்தப் பேரை ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன், அந்தப் பொண்ணு பேரைக் கூப்பிடறப்ப எனக்கே ஒரு சந்தோஷம் வரும்.

முதல்ல அர்த்தத்தை உறுதி பண்ணிக்கோங்க. குழந்தைப் பேர் போடற வெப்சைட் பலதுல எழிலின்னா அழகானவள்னு போட்டிருக்கும், எழில்னா அழகு அதனால எழிலி அழகின்னு அவங்களா கணக்குப் போட்டுக்கறாங்க. நீங்க நினைக்கறதுதான் சரி, எழிலின்னா மேகம். எழு-ங்கற வேரைப் பாருங்க, கடல்லேந்து மேல எழுந்து போறது. பழைய தமிழ்ல மேகத்துக்கு எத்தன சொல்லு, முகில், கொண்டல், கார், மஞ்சு, மங்குல், கொண்மூ, எழிலி. இதுல முகிலை இப்ப பசங்களுக்கு நிறைய வைக்கறாங்க, மத்ததெல்லாம் பாட்டுக்குள்ளயே கெடக்கு.

அந்தக் குறளையும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. தடிந்துன்னா குறைச்சு, அதாவது மேகம் கடல்லேந்து தண்ணிய மொண்டு குறைக்குது. அப்படி மொண்டு எடுத்துட்டுப் போய் மழையா திருப்பிக் குடுக்கலன்னா அவ்ளோ பெரிய கடலும் தன் இயல்பு கெட்டுப் போயிடும்ங்கறாரு. கடலுக்கே மழை வேணும்னு சொல்ற குறள் அது. ஒரு பொண்ணுக்கு வைக்க இதைவிட நல்ல பேர் எனக்குத் தெரியல.

யாரும் வைக்காத பேருன்னு பயப்படாதீங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப யாழினின்னு ஒரு பேரு வகுப்புல இருந்தா மத்த டீச்சருங்க வந்து எட்டிப் பாப்பாங்க. இப்ப எங்க ஸ்கூல்ல வகுப்புக்கு ஒரு யாழினி இருக்கா, சிலதுல ரெண்டு. அதுக்கு முந்தின தலைமுறைல மலர்விழி, கனிமொழி, தேன்மொழி இதெல்லாம் இப்படித்தான் புதுசா வந்து பழகிப் போச்சு. வேதாசலம் 1916-ல தனித்தமிழ் இயக்கம் தொடங்கினவரு, தன் பேரையே மறைமலைன்னு மாத்திக்கிட்டப்ப அதுவும் ஊருக்குப் புதுசாத்தானே இருந்திருக்கும்.

ரெண்டு வாண்டு வீடு

சிஸ், நான் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் பெரியவளுக்குக் குழலின்னு வச்சோம். பெங்களூர்ல இருக்கோம். மிஸ் வாயில குசாலி, க்ளாஸ் வாட்ஸாப்ல குசிலி, ஆன்லைன்ல கேக் ஆர்டர் பண்ணினா கேக்கு மேல குஸ்லி. அவ ஏழாவது பர்த்டேக்கு கேக்கைப் பாத்துட்டு அம்மா என் பேரு ஏன் யாருக்கும் வரலன்னு கேட்டா, அன்னிக்கு நான் உள்ள போயி அழுதேன். சின்னவளுக்கு இசைன்னு வச்சுட்டோம், எவன் வாயிலயும் சரியா வருது.

பேரு நல்ல பேருதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா தினம் பத்து தடவை திருத்தப் போறது அந்தக் குழந்தை, நாம இல்ல. நீங்க இருக்கப் போறது புனே. அ இ உ எ தான் வேணும்னா இசை, இளவேனில், உமையாள், இதெல்லாம் யோசிங்க. பழைய பேருதான் வேணும்னா இளவெயினி இருக்கு, குறமகள் இளவெயினின்னு புறநானூறுல பாடின அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அதுல ழ கெடையாது.

மொன்றியல் பனி

தங்கச்சி, என்ர மகளின்ர பேரும் எழிலிதான்! இந்தத் தலைப்பைக் கண்டோன்ன எழுதாமல் இருக்கேலாமல் போட்டுது. அவளுக்கு இப்ப பதினொரு வயசு, நாங்கள் இருக்கிறது மொன்றியல்ல.

ஒரு உண்மையைச் சொல்லோணும், எங்கட யாழ்ப்பாணத்துப் பேச்சில ழ எண்டு தனியா ஒண்டும் வராது, எல்லாம் ள தான். யாழ்ப்பாணம் எண்டு எழுதுவம், யாள்ப்பாணம் எண்டு சொல்லுவம். அவளின்ர அம்மம்மா சாகுமட்டும் எளிலி எண்டுதான் கூப்பிட்டவ. அதாலை பேர் பிழைச்சுப் போச்செண்டு நாங்கள் ஒருநாளும் நினைக்கேல்லை. உங்கட அப்பா எளிலி எண்டு ஆசையாக் கூப்பிட்டால் கூப்பிடட்டும், அதைத் திருத்தாதேங்கோ.

இங்க பள்ளிக்கூடத்தில முதல் நாள் ஒரு விஷயம் நடந்தது. வகுப்பில ஹெயிட்டி நாட்டுப் பிள்ளை ஒருத்தியின்ர அம்மா பேர் அட்டையைப் பாத்திட்டு என்னட்ட ஓடி வந்து எசிலியா எசிலியா எண்டு கேட்டவ, கண்ணெல்லாம் விரிஞ்சு போச்சு. பிறகுதான் விளங்கினது, அவையின்ர வோடூ வழிபாட்டில எசிலி எண்டொரு பெண் தெய்வம் இருக்காம், அன்புக்கான தெய்வம். எங்கட பேருக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தற்செயலா ஒலி ஒத்துப்போச்சு. நான் மேகம் எண்டு விளக்கம் சொன்னன், அவ தன்ர தெய்வத்தைப் பற்றிச் சொன்னவ, ரெண்டு பேரும் பனிக்குள்ள அரைமணித்தியாலம் நிண்டு கதைச்சம். இண்டைக்கும் நாங்கள் நல்ல சிநேகிதம்.

ரீச்சர்மார் பிழையாச் சொல்லுவினம்தான். மகள் சின்னனில வெக்கப்பட்டவள், குசினிக்குள்ள வந்து பேரை மாத்துங்கோ எண்டும் ஒருக்கா கேட்டவள், மறைக்கேல்லை. இப்ப ஆரும் பிழையாச் சொன்னால் தானே நிண்டு சொல்லிக் குடுக்கிறாள். குழலியின்ர அம்மா சொன்னதும் எனக்கு விளங்குது, அந்தக் கேக் கதை வாசிக்க எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் ஏழு வயசோட கதை முடியிறேல்லை தங்கச்சி, இன்னும் நாலு வருசம் கழிச்சு உங்கட பிள்ளையிட்டக் கேட்டுப் பாருங்கோ.

நாக்கு நுனி

நான் ஸ்பீச் தெரபிஸ்ட், ழ-வோடதான் என் பொழப்பே. உச்சரிப்பு பத்தி மட்டும் சொல்லிடறேன்.

ல சொல்றப்ப நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி ஈறுல ஒட்டும். ள சொல்றப்ப நாக்கு மடங்கி மேல் அண்ணத்துல ஒட்டும். ழ-வுக்கும் நாக்கு அதே மாதிரி பின்னாடி மடங்கணும், ஆனா எங்கயும் ஒட்டக்கூடாது, காத்து நாக்குக்கு மேல தடையில்லாம போகணும். வித்தியாசம் அவ்ளோதான். எளிலின்னு சொல்றவங்க கிட்டத்தட்ட வந்துட்டாங்க, ஒட்டறதை மட்டும் விட்டாப் போதும். குழந்தைங்களுக்கு ழ கடைசியா வர்ற சத்தங்கள்ல ஒண்ணு, அதனால உங்க பாப்பாவே முதல்ல தன் பேரை எயிலி, எலிலின்னுதான் சொல்லும், அதுக்காக டாக்டர்கிட்ட ஓட வேண்டாம். கொஞ்சம் பெருசானதும் வியாழக்கிழமை ஏழைக்கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்னு வெளையாட்டா சொல்ல வைங்க.

இப்ப புனே விஷயம். இதுல நீங்க பயப்படற அளவுக்கு ஒண்ணுமே இல்ல சிஸ். மராத்தில ள இருக்கு! ஹிந்திக்காரங்களுக்குத்தான் அது பேச்சுல வராது, மராத்திக்காரங்களுக்கு சின்ன வயசுலேந்தே வரும். லோணாவளான்னு அவங்க சொல்றதைக் கேட்டுப் பாருங்க, திலகரை டிளக்னுதான் சொல்வாங்க. அதனால பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட இங்கிலீஷ்ல எழுதிக் காட்டாதீங்க, அதான் தப்பு. வாயால சொல்லுங்க, லோணாவளால வர்ற ள மாதிரின்னு சொல்லுங்க, எளிலின்னு அழகா சொல்லிடுவாங்க. தமிழ்நாட்டுலயே பாதிப் பேர் அப்படித்தானே சொல்றோம். ஸ்கூல்ல சேர்க்கறப்ப மிஸ்கிட்ட தேவநாகரில அந்த மராத்தி ள போட்டு எழுதிக் குடுத்துடுங்க.

அமெரிக்கா போனாக்கூட கவலையில்ல, அவங்க ர் சொல்றப்ப நாக்கை எங்கயும் தொடாம சுருட்டுவாங்க, அது நம்ம ழ-வுக்கு ரொம்பப் பக்கம். இசட் ஹெச்சைப் பாத்துட்டுத்தான் குழம்பிப் போறாங்க, காதால கேட்டா வந்துடும்.

எண்ணும் எழுத்தும்

எத்தன பேருக்கு இந்தப் பேர் இருக்குன்னு கேட்டிருந்தீங்க. நம்ம நாட்டுல வருஷா வருஷம் எந்தப் பேர் எத்தன குழந்தைக்கு வச்சாங்கன்னு கவர்ன்மென்ட் லிஸ்ட் போடறதில்ல, இணையத்துல டாப் 100 தமிழ்ப் பேர்னு வர்றதெல்லாம் அவங்கவங்க இஷ்டத்துக்குப் போடறது, நம்பாதீங்க. அமெரிக்கால சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் 1880-லேந்து கணக்கு வச்சிருக்கு, ஒரு வருஷத்துல 5 குழந்தைக்காவது வச்ச பேர் எல்லாம் லிஸ்ட்ல வரும். இங்கிலாந்து வேல்ஸ்ல 3 குழந்தை இருந்தாலே வரும். வெளிநாட்டுத் தமிழர்கள் எந்த ஸ்பெல்லிங் போடறாங்கன்னு பாக்க அந்த லிஸ்ட்டுங்க உதவும், ஆனா ஒரே பேரு நாலு ஸ்பெல்லிங்ல இருந்தா அவங்க நாலு பேரா எண்ணுவாங்க, அதை மனசுல வச்சுக்கோங்க.

பேர் ஏத்தறது: பொறந்ததை 21 நாளுக்குள்ள பதியணும், அது ஆஸ்பத்திரிலயே முடிஞ்சிருக்கும். பேரை அப்பறம் சேத்துக்கலாம், 12 மாசம் வரைக்கும் கட்டணம் இல்ல, அதுக்கு மேல லேட் பீஸ் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம். நிதானமா யோசிங்க. ஆனா ஒரு தடவை ஏத்திட்டா மாத்தறது பெரிய அலைச்சல், அதை மட்டும் மறந்துடாதீங்க. 2023 அக்டோபர் 1-லேந்து பொறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல், பாஸ்போர்ட், ஆதார் எல்லாத்துக்கும் பொறந்த தேதிக்கு இந்த சர்டிபிகேட்தான் ஆதாரம், அதனால இதுல விழற ஸ்பெல்லிங்தான் ஆயுசுக்கும்.

இதை நான் அனுபவிச்சுட்டு சொல்றேன். என் பேர்ல ஒரு ழ இருக்கு. பத்தாவது மார்க் ஷீட்ல எல், டிகிரில இசட் ஹெச், பேங்க்ல வெறும் இசட். பாஸ்போர்ட் எடுக்கறப்ப மூணும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அபிடவிட், ரெண்டு மாசம் லீவ் போட்டு லீவ் போட்டு அலைஞ்சேன். எந்த ஸ்பெல்லிங் வேணா போடுங்க, எல்லா இடத்துலயும் அதையே போடுங்க.

எது நல்லதுன்னு கேட்டா, ரெண்டுக்கும் முன்னோடி இருக்கு. தமிழ்ங்கற பேரையே இங்கிலீஷ்ல எல் போட்டுத்தான் உலகம் எழுதுது, சோழருக்கும் எல், அழகப்பாவுக்கும் எல். அந்தப் பக்கம் கோழிக்கோடு, ஆலப்புழா எல்லாம் இசட் ஹெச். உங்க பேருக்கு எல் போட்டா ரெண்டு எல் வந்து எலிலின்னு படிப்பாங்க, நீங்க எதுக்குப் பயப்படறீங்களோ அதையே நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அதனால இசட் ஹெச்தான் என் ஓட்டு. 2020-ல நம்ம கவர்ன்மென்ட் 1018 ஊர்ப் பேரைத் தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷ்ல மாத்தி ஆணை போட்டாங்களே, அதுல எழும்பூருக்கும் இசட் ஹெச்தான் போட்டிருந்தாங்க. சில நாள்லயே அந்த ஆணையை வாபஸ் வாங்கிட்டாங்க, எழும்பூர் இன்னும் எக்மோராவே நிக்குது. அதே ழ-தான் உங்க பாப்பா பேர்லயும் இருக்கு.

புது அம்மா (40 நாள்)

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, பாப்பா தூங்கற நேரம் பாத்து ஒண்ணொண்ணா படிச்சேன். மொன்றியல் அக்கா, உங்க பதிலை அம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன், அம்மா கண்ணு கலங்கிட்டாங்க.

@ரெண்டு வாண்டு வீடு சிஸ், நீங்க சொன்னதுல எனக்கு வருத்தமே இல்ல, அந்தக் கேக் விஷயம் ராத்திரி பூரா மனசுல ஓடிச்சு. அதனால இன்னும் ஒண்ணு கேக்கறேன், எலின்னு கிண்டல் பண்ணுவாங்கங்கறதுக்கு யாருமே பதில் சொல்லலயே, மாமியாருக்கு அதுதான் முக்கியமா இருக்கு.

நெல்லைத் தாத்தா

அம்மாடி, நான் சொல்லுதேன். எனக்கு நாலு பேரப்புள்ளைய. ஒருத்தன் பேரு ஆதவன், அவனை ஆடுன்னு கூப்புடுதானுவ. கவின்னு ஒருத்தன், அவனைக் காபின்னு கூப்புடுதானுவ. சின்னவ பேரு மீனா, அவளுக்கு மீன்கொழம்பு. பள்ளிக்கூடத்துல புள்ளைய எந்தப் பேருலயும் ஒண்ணு கண்டுபிடிச்சிரும், ராசா ராணின்னு வச்சாலும் விடாது. அதுக்குப் பயந்து பேரு வைக்க முடியாதும்மா.

ஆனா உங்க மாமியா சொல்லுததையும் தள்ளிறாதீய. வீட்டுக்குள்ள எலிக்குட்டின்னு நீங்களே செல்லமா ஆரம்பிச்சிராதீய, அதுதான் வெளிய போயி ஒட்டும். வீட்டுல கூப்புட மேகான்னோ மழைன்னோ ஒண்ணு வச்சிக்கிடுங்க, அர்த்தமும் ஒண்ணுதான். அந்தச் செல்லப் பேரை மாமியா வாயாலயே வைக்கச் சொல்லுங்க, அவுகளுக்கும் மனசு நெறையும்.

ரெண்டு வாண்டு வீடு

மொன்றியல் அக்கா, நீங்க நாலு வருஷம் கழிச்சு கேக்கச் சொன்னீங்க, நான் நேத்து ராத்திரியே குழலிகிட்ட கேட்டுட்டேன், இப்ப அவளுக்கு எட்டு. பேரை மாத்திடலாமான்னு கேட்டேன். வேண்டாம்மா மிஸ்ஸுக்கு சொல்லிக் குடுன்னுட்டா. நாக்கு நுனி சொன்ன மாதிரி நாக்கை ஒட்டாம மடக்கறதை அவளுக்குக் காட்டினேன், கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டே இருக்கா. என் கருத்தை நான் முழுசா மாத்திக்கல, வெளியூர்ல ழ கஷ்டம்தான். ஆனா புது அம்மா, நீங்க அந்த மழை ராத்திரியைப் பத்தி எழுதினதுக்கு அப்பறம் வேற பேர் வைங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

புது அம்மா (40 நாள்)

அப்டேட். தாத்தா சொன்ன யோசனையை மாமியார்கிட்ட சொன்னேன், செல்லப் பேரு நீங்கதான் வைக்கணும் அத்தைன்னு. ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. நேத்து பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போடறப்ப "முகிலு, மூடிக்கோ கண்ண"ன்னு அவங்களா சொன்னாங்க. எழிலின்னா மேகம் மேகம்னா முகிலுதானேன்னு கேட்டுட்டு சிரிச்சாங்க.

இன்னிக்கு அவரு பேர் சேக்கற பாரம் நிரப்பினாரு. இங்கிலீஷ்ல இசட் ஹெச், தமிழ்ல சின்ன எ, அப்பறம் ழி, லி. ப்ரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தா ரெண்டு பேரும் படிச்சுப் பாத்தோம், சரியா இருந்துச்சு. மராத்தில எழுதினதை அவரு ஆபீஸ் க்ரூப்ல போட்டிருக்காரு, அங்கேந்து முதல் வாய்ஸ் மெசேஜ் வந்துடுச்சு. எளிலின்னு சொல்றாங்க.

@எண்ணும் எழுத்தும் அண்ணா, இனிஷியல் விஷயம் ஒண்ணு கேக்கணும், புனேல சர்நேம் கேப்பாங்களாமே, அதுக்கு என்ன போடறது?